ஆரஞ்சு மேல்சட்டையின் மூன்றாம் ஆண்டு

வார நாட்களில் அந்த அம்மா ஓட்டுவது பள்ளிப் பேருந்து. வேகம் கூடினால் கீச்சிடும் கருவி ஒன்று ஸ்டீயரிங்குக்கு மேலே இருக்கிறது. அது கீச்சிட்டுப் பேருந்தில் யாரும் கேட்டதில்லை. மாதத்தில் ஒரு வாரக் கடைசி மட்டும் அதே அம்மா தோல் உடை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் முழங்கால் தரையில் உரச மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். பெரிய பிள்ளைகளுக்குத் தாய். தடத்தில் எல்லோருக்கும் அவர் பஸ்ஸக்கா.

பஸ்ஸக்காவின் உடம்பில் ஓர் ஆரஞ்சு மேல்சட்டை இருந்தது. பின்னால் வருகிறவர்களிடம் ‘ஜாக்கிரதை, முன்னால் போவது கத்துக்குட்டி’ என்று சொல்லும் சட்டை. கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும். ஓராண்டுப் பந்தயங்கள் முழுவதையும் விழாமல் முடித்தால் கழற்றிவிடலாம். எல்லோரும் அநேகமாக முதல் ஆண்டிலேயே கழற்றிவிடுவார்கள். பஸ்ஸக்காவுக்கு இது மூன்றாம் ஆண்டு. முதல் ஆண்டு மழையில் விழுந்தார். இரண்டாம் ஆண்டு, கடைசிப் பந்தயத்தின் கடைசி வளைவில், முடிவுக் கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுந்தார். இந்த ஆண்டு இதுவரை விழவில்லை. பாக்கி இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் ஒன்றுதான்.

கணவர் தையல்காரர். கார் சீட்டுக்கும் சோபாவுக்கும் உறை தைக்கிற கை, மனைவியின் தோல் உடையையும் தைத்தது. மேல்சட்டை காற்றில் படபடத்துக் கவனத்தைக் கலைக்கிறது என்று மனைவி ஒருமுறை சொன்னதும், கனமான நூலெடுத்து அதைத் தோல் உடையோடு சேர்த்தே தைத்துவிட்டார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாட்டிக் கழற்றுகிற வேலை இல்லை. அப்படியே தொங்கவிட்டால் போதும்.

மனைவி ஓட்டும் பந்தயத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. கூடாரத்துக்குள் தடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஆனால் கேட்பார். அத்தனை வண்டிகளின் இரைச்சலிலும் மனைவியின் வண்டியைக் காது பிரித்தெடுத்துவிடும். எங்கே கியர் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை வைத்தே மனைவி எந்த வளைவில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்.

பயிற்சியில் விழுந்தால் கணக்கில் சேராது. அந்த ஒரே சலுகையைப் பஸ்ஸக்கா சனிக்கிழமை பயன்படுத்திக்கொண்டார். மெதுவான இடது வளைவில் முன்சக்கரம் வழுக்கி, வண்டியும் ஆளும் தனித்தனியாகப் புல்லுக்குப் போனார்கள். ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்குக் கியர் லிவர் அடியோடு முறிந்துவிட்டது.

அடுத்த கூடாரத்துக்காரர் பல் டாக்டர். பஸ்ஸக்காவோடு அதே பந்தயத்தில் ஓட்டுகிறவர். எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, பல்லு உடைஞ்சிருந்தா இங்கேயே கட்டிவிட்டிருப்பேன். லிவரை இல்ல உடைச்சிருக்கீங்க!”

“வாய் பேசினது போதும் டாக்டர். உதிரி இருக்கா?”

இருந்தது. ஆனால் அது சாலையில் ஓடும் வண்டியின் லிவர். சாலை வண்டியில் காலால் தூக்கினால் கியர் ஏறும், மிதித்தால் இறங்கும். பந்தயக்காரர்கள் பலர் இதைத் தலைகீழாக மாற்றிவைத்துக்கொள்வார்கள். இடது பக்கம் தரையோடு தரையாகச் சாய்ந்திருக்கும்போது லிவருக்கு அடியில் கால்விரலை நுழைக்க இடம் இருக்காது. மிதித்தால் ஏறுகிற மாதிரி வைத்தால்தான் வசதி. பஸ்ஸக்காவின் கால் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் பழகியிருந்தது. டாக்டரின் லிவரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் இடித்தது.

“நேராத்தான் போடணும்க்கா,” என்றார் டாக்டர். “மூளைக்குச் சொல்லிடுங்க.”

“மூளைக்குத் தெரியும். காலுக்கு யாரு சொல்றது?”

சாயங்காலம் முழுவதும் தையல்காரர்தான் காலுக்குச் சொன்னார். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, துணி அளக்கும் மரக் கோலை இடது காலுக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

“ஏத்து. இறக்கு. ஏத்து... அட, மிதிக்காதேன்னா!”

“நான் மிதிக்கலைங்க. அதுவா மிதிக்குது.”

“கல்யாணமானதிலேர்ந்து என் பேச்சைக் கேட்காத கால். இன்னைக்கா கேட்கப் போவுது?”

கோல் விரிசல் விட்டதோடு வகுப்பு முடிந்தது.

ஞாயிறு காலை வானம் தெளிவாக இருந்தது. தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தூக்கு, தூக்கு என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மூன்றாவது வளைவில் முன்னால் போனவர் திடீரென்று குறுக்கே வந்தார். பஸ்ஸக்கா விலகி, வேகம் எடுக்க நினைத்த அந்த ஒரு நொடியில் வாய் சொல்ல மறந்தது. கால் தன் பழைய பாடத்தைச் செய்தது: மிதித்தது.

கியர் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. எஞ்சின் அலறியது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பாம்பு போல் நெளிந்தது. கிளட்சை இழுத்துப் பிடித்தார். வண்டி தடத்தை விட்டுப் புல்லில் பாய்ந்து, குலுங்கி, எப்படியோ நிமிர்ந்தே நின்றது. எல்லா வண்டிகளும் கடந்து போய்விட்டன.

தடத்துக்குத் திரும்பும்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூன்றாம் கியருக்குத் தூக்கினார். பிறகு இடது காலை லிவரிலிருந்து எடுத்துவிட்டார். இனி கொடி விழும்வரை அந்தக் காலுக்கு வேலை கிடையாது.

ஒரே கியரில் பந்தயம் ஓட்டுவது ஒரே கரண்டியால் மொத்த விருந்தையும் சமைப்பது போலத்தான். நேர்ப் பாதையில் எஞ்சின் மூச்சுமுட்டும்; மெதுவான வளைவில் வேகம் விழுந்தால் மறுபடி எழும்ப நெடுநேரம் ஆகும். அப்படியானால் வேகத்தை விழவிடக் கூடாது. பிரேக்கைத் தொடாமல், வளைவை முன்கூட்டியே அகலமாகப் பிடித்து, வழுக்கிக்கொண்டு போவது போலப் போக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கத் தடத்தில் ஆளில்லை. ஆனால் பள்ளிப் பேருந்தின் முன்சீட்டில் ஒரு சின்னப் பெண் உட்காருவாள். வண்டி கொஞ்சம் குலுங்கினாலும், சட்டென்று பிரேக் போட்டாலும் அவளுக்கு வாந்தி வந்துவிடும். இரண்டு ஆண்டுகளாக அவள் வாந்தி எடுக்காமல் பள்ளிக்குப் போய்வருகிறாள்.

அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸக்கா ஓட்டினார்.

முதலில் ஒருவரை வளைவில் முந்தினார். அவர் நேர்ப் பாதையில் திரும்ப முந்தினார். அடுத்த வளைவில் பஸ்ஸக்கா மறுபடி முந்தினார். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் யாரோ ஒருவர் முன்னாலிருந்து பின்னால் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் பிரேக் போட்டு, கியர் இறக்கி, திருப்பி, கியர் ஏற்றும் நேரத்தில் ஆரஞ்சு மேல்சட்டை ஓசையில்லாமல் வெளிப்புறமாகக் கடந்து போனது. சென்ற ஆண்டு விழுந்த அந்தக் கடைசி வளைவில் முந்தியது பல் டாக்டரை. கொடியைத் தாண்டும்போது பஸ்ஸக்காவுக்கு முன்னால் இன்னும் பலர் இருந்தார்கள். பரிசு எதுவும் இல்லை. வண்டி நிமிர்ந்திருந்தது.

கூடாரத்துக்குள் தையல்காரர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“நடுவுல எங்கேயாவது விழுந்துட்டியா?”

“விழுந்தா வண்டியிலயா வருவேன்?”

“மொத சுத்துல எஞ்சின் கத்துச்சு. அப்புறம் கியர் மாத்துற சத்தமே இல்ல. வேற யார் வண்டியையோ உன்னோடதுன்னு நினைச்சுக் கேட்டுட்டிருக்கேன் போலன்னு...” தடத்தைக் கை காட்டினார். “திரும்பிப் பார்த்துட்டேன்.”

“பார்த்தீங்களா?”

“கடைசி ரெண்டு சுத்து. எழுந்து நின்னே பார்த்தேன்.”

பல் டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். “வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்ட கதைதான் என் கதை. என் லிவரைக் கொடுத்து நானே பின்னால வந்தேன்.”

“உங்க லிவரை நான் தொடவே இல்லையே டாக்டர்,” என்றார் பஸ்ஸக்கா.

கிளப் செயலாளர் வந்து கைகுலுக்கி, மேல்சட்டையைத் திருப்பிக் கேட்டார். அடுத்த ஆண்டு வரப்போகும் கத்துக்குட்டிக்கு அது தேவையாம். பஸ்ஸக்கா கழற்றப் பார்த்தார். அசையவில்லை. தையல்காரர் கத்தரிக்கோலும் தையல் பிரிக்கும் ஊசியும் எடுத்துவந்து மனைவியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தோலில் கீறல் விழாமல் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க வேண்டும். வெயில் ஏறியது. தோல் உடைக்குள் வியர்வை ஊற்றியது. செயலாளர் போய், தேநீர் குடித்து, திரும்பி வந்தார்.

“இவ்வளவு கெட்டியா தைக்கணுமா?” என்றார் பஸ்ஸக்கா.

“பிரிக்க வேண்டி வரும்னு யாருக்குத் தெரியும்?”

பஸ்ஸக்கா பின்பக்கம் ஓங்கிய முழங்கை அவர் விலாவில் சரியாகப் பட்டது. தையல்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த நூலை வெட்டினார்.