இரண்டு திகதிக் கல்யாணம்

ஒவ்வொரு வருடமும் ஆவணியில் கணவனுடைய திவசம் முடிந்த பிறகு, தேவதர்ஷினி கணினியைத் திறந்து ஒரு பெயரைத் தேடுவாள். நோரீன் ஹாலிடே. பதினொரு வருடம் ஒன்றும் அகப்படவில்லை. பன்னிரண்டாவது வருடம் அகப்பட்டது.

ஒக்லாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் முகநூல் குழுவில் அந்தப் பெயர் கிடந்தது. 'விசா அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் கொள்ளுப்பாட்டி பிரிஜெட்டுக்கு அயர்லாந்தில் இரண்டு கல்யாணப் பதிவுகள் இருக்கின்றன. திகதி ஒத்து வரவில்லை. யாராவது உதவ முடியுமா?'

தேவதர்ஷினி அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அவளுக்கும் பார்த்தீபனுக்கும் யாழ்ப்பாணத்தில் 2010 பெப்ரவரியில் பதிவாளர் முன்னால் எழுத்து முடிந்தது. சித்திரையில் தாலி கட்டு என்று நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் பார்த்தீபனுடைய பெரியப்பா போய்விட்டார். சாவுத் துடக்குக் கழித்து ஆனியில்தான் கோயிலில் தாலி ஏறியது. புரட்டாதியில் அவள் வேலை விசாவில் ஒக்லாந்துக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பகுதியில் சேர்ந்தாள். அடுத்த வருடம் அவனைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, படிவத்தில் எழுத்து நடந்த திகதியை எழுதினாள். தொலைபேசி விசாரணையில் கல்யாணம் எப்போது என்று அவனைக் கேட்டார்கள். அவன் தாலி கட்டிய நாளைச் சொன்னான். எந்த யாழ்ப்பாணத்தானும் அதைத்தான் சொல்வான்.

விசா மறுத்து வந்த கடிதம் ஒரு பக்கம். பெப்ரவரி, ஜூன் என்று இரண்டு திகதியும் போட்டிருந்தது. 'இரண்டு திகதிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இத்திருமணம் உண்மையானது என்று எனக்குத் திருப்தியில்லை. அத்தாட்சிக் கடிதங்கள் கொடுத்தால் மீண்டும் பார்க்கலாம்.' கீழே வட்ட வட்டமாக ஒரு கையெழுத்து. நோரீன் ஹாலிடே.

திரும்ப விண்ணப்பித்து, கோயில் ஐயரிடமும் பதிவாளரிடமும் கடிதம் வாங்கி, விசா கிடைக்கப் பதினாலு மாதம் எடுத்தது. விசா ஒட்டிய கடவுச்சீட்டு வீட்டுக்கு வந்தபோது, பார்த்தீபன் டெங்குக் காய்ச்சலில் செத்துப் பதினெட்டு நாள்.

முகநூலில் பார்த்த செய்தியை கூட இருக்கும் அண்ணன் குலசிங்கத்திடம் சொன்னபோது அவர் பதறினார். "விடு தங்கச்சி. அந்தக் கிழவியோட உனக்கு என்ன கதை?"

"நான் அவவுக்கு உதவி செய்யப் போறன் அண்ணை."

"நீ செய்யிற உதவி எனக்குத் தெரியும்."

உடனே எழுதவில்லை. மூன்று மாதம் படித்தாள். அயர்லாந்தின் பழைய பதிவேடுகள் இணையத்தில் இலவசமாகவே இருந்தன. ஒரே நோயாளி இரண்டு பெயரில், இரண்டு பிறந்த திகதியில் பதிவாகியிருந்தால் அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவதுதான் ஆஸ்பத்திரியில் அவளுடைய தினசரி வேலை. பாதிரிமாரின் லத்தீனும் மங்கிய மையும் பழகக் கொஞ்சம் நாள் பிடித்தது, அவ்வளவுதான். பிறகு 'தர்ஷ்' என்ற பெயரில் நோரீனுக்கு எழுதினாள்.

ஒக்லாந்தின் வடக்கே கிளென்ஃபீல்டில் நோரீனின் வீட்டுக்கு ஐந்து தரம் போனாள். எழுபத்திமூன்று வயது, நேராக நிமிர்ந்த முதுகு. ஒவ்வொரு தரமும் தேநீரும் கேக்கும் தந்தாள். 'நீ எனக்குக் கிடைத்த வரம், தர்ஷ்' என்றாள். ஈஸ்டருக்கு நூற்றிருபது சொந்தக்காரர் ஒன்றுகூடப் போகிறார்கள். எல்லாருக்கும் ஒரு குடும்பப் புத்தகம் கொடுக்க வேண்டும். சிக்கல் ஒன்றுதான். கத்தோலிக்கக் கோயில் பதிவேட்டில் பிரிஜெட்டுக்கு 1861 பெப்ரவரி பதினோராம் திகதி கல்யாணம். அரசாங்கப் பதிவில் அதே வருடம் ஜூன் இருபதாம் திகதி, புரட்டஸ்தாந்துக் கோயிலில் கல்யாணம். அதிலே அவளைக் 'கன்னி' என்று வேறு எழுதியிருந்தார்கள். மூத்த பிள்ளை நவம்பரில் பிறந்தது; ஜூனிலிருந்து எண்ணினால் ஐந்து மாதம். அந்தப் பிள்ளையின் வழி வந்தவர்கள்தான் நோரீன் வீட்டார்.

"இளைய பிள்ளையின் வழியில் வந்த பிரெண்டன் என்று ஒருவன் இருக்கிறான்," என்றாள் நோரீன். "பெப்ரவரிப் பதிவு வேறு யாரோ பிரிஜெட்டுடையது, நீங்கள் எல்லாரும் முறை தவறிய வழி என்று சொல்லிச் சிரிக்கிறான். அவன் வாயை அடைக்க வேண்டும்."

மூன்றாவது வாரமே தேவதர்ஷினிக்கு விடை தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை புரட்டஸ்தாந்து, பெண் கத்தோலிக்கம். அந்தக் காலத்துச் சட்டப்படி, கத்தோலிக்கப் பாதிரியார் செய்து வைத்த அப்படியான கல்யாணம் செல்லாது. ஆகவே பாதிரியார் முன்னால் ஒரு தரம் கட்டி, சட்டத்துக்காக மற்றக் கோயிலில் இன்னொரு தரம் கட்டியிருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவள் ஜூன் வரைக்கும் கன்னிதான். இரண்டு பதிவிலும் ஊர் ஒன்று. இரண்டிலும் சாட்சி பிரிஜெட்டின் தங்கை கேத்தரின். பெப்ரவரிப் பதிவில் அந்தச் சாட்சிப் பெயரை லத்தீனில் கோணல்மாணலாக எழுதியிருந்ததால் நோரீனின் கண்ணில் அது படவேயில்லை.

தேவதர்ஷினி இதை ஒரு பக்கத்தில் தட்டச்சுச் செய்தாள். ஆனால் கொடுக்கவில்லை. 'இன்னும் பார்க்க வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் இருக்கையில், பிளாட் புஷ்ஷில் உள்ள தன் வீட்டிலிருந்து கிளம்பி, துறைமுகப் பாலம் தாண்டி நோரீனிடம் போனாள்.

"கண்டுபிடித்தாயா?" கதவைத் திறந்ததுமே நோரீன் கேட்டாள்.

"சில கேள்விகள் இருக்கின்றன." தேவதர்ஷினி சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். "கல்யாணத்தன்று பிரிஜெட் என்ன நிற உடை போட்டிருந்தாள்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை பேர் வந்தார்கள்? என்ன சாப்பாடு? மாப்பிள்ளை அவளுக்கு முதலில் வாங்கிக் கொடுத்த பொருள் என்ன?"

நோரீன் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். விசா விசாரணையில் கேட்கும் அந்தக் கேள்விகளின் ஒழுங்கு அவளுக்குப் பழக்கமானது.

"இரண்டு திகதிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன," என்றாள் தேவதர்ஷினி. "இத்திருமணம் உண்மையானது என்று எனக்குத் திருப்தியில்லை." கைப்பையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

நோரீன் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றாள் கடைசியில். "வாரத்துக்கு நாற்பது கடிதம் கையெழுத்துப் போடுவேன்."

"எனக்கு ஒன்றுதான் வந்தது."

"அவர்... பிறகு வந்தாரா?"

"பிறகு விசா வந்தது. அவர் அதற்குப் பதினெட்டு நாளைக்கு முதல் செத்துப்போனார்."

நோரீனின் முகம் வெளுத்தது. அதைப் பார்க்கத் தேவதர்ஷினிக்கு நன்றாகவே இருந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பார்த்த முகம் அது. அவள் எழும்பினாள். "உங்கள் பாட்டியின் விடை என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம். பெப்ரவரிப் பதிவு சரியானது என்று யாரும் மறுக்க முடியாத அத்தாட்சி. எங்கள் கல்யாணம் உண்மையானது, என் முடிவு பிழை என்று கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அன்றைக்குத் தருகிறேன்."

"இது மிரட்டல்."

"கடிதம் கொடுத்தால் தீரும் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்."

நோரீன் எழுதவில்லை. புத்தகம் 'திருமணத் திகதி உறுதியாகவில்லை' என்ற ஒரு வரியோடு அச்சாகி வந்தது. ஒன்றுகூடலில் பிரெண்டன் அந்த வரியை ஒலிபெருக்கியில் வாசித்துச் சிரித்தானாம். நோரீனின் அக்காள் சாப்பிடாமலே எழும்பிப் போய்விட்டாளாம். முகநூல் குழுவில் அவர்கள் போட்ட சண்டையைத் தேவதர்ஷினி வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி ஒன்று விடாமல் வாசித்தாள்.

ஈஸ்டர் கழிந்து ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, நோரீன் பிளாட் புஷ்ஷுக்கு வந்தாள். கூந்தல் கலைந்திருந்தது. கையில் ஒரு உறை. குலசிங்கம் கதவைத் திறந்து, யாரென்று விளங்கி, விலகி நின்றார்.

தேவதர்ஷினி உறையைப் பிரித்து வாசித்தாள். "இதிலே ஜூனில் கல்யாணம் நடந்தது என்று இருக்கிறது."

"ஆம். கோயில் கல்யாணம்தானே?"

"இரண்டு திகதியையும் எழுதுங்கள். பெப்ரவரியும் ஜூனும். அவருடைய முழுப் பெயரையும்."

நோரீன் அந்த மேசையிலேயே இருந்து, முதலிலிருந்து, முழுவதையும் திரும்ப எழுதினாள். பார்த்தீபன் என்ற பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. தேவதர்ஷினி அவசரப்படாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். தேநீர் கொடுக்கவில்லை. எழுதி முடித்ததும் பிரிஜெட்டின் பக்கத்தைக் கொடுத்தாள். நோரீன் சாட்சிப் பெயரில் விரலை வைத்து நின்றாள். "அவளுடைய தங்கை," என்று முணுமுணுத்தாள். "இவ்வளவு நாளும் கண் முன்னாலேயே..." அழுதாள் போலிருந்தது. தேவதர்ஷினி போய் வாசற்கதவைத் திறந்துவிட்டாள்.

பிறகு நோரீன் திருத்தச் சீட்டுகள் அச்சடித்து, நூற்றிருபது புத்தகத்துக்கும் தபாலில் அனுப்பினாள் என்று கேள்வி. பிரெண்டன் அதை ஒட்டினானோ எறிந்தானோ தெரியாது.

அன்றைக்கு நோரீனின் கார் போன பிறகு குலசிங்கம் கேட்டார். "இப்ப மனம் ஆறிச்சோ?"

"இல்லை அண்ணை."

"பிறகேன் இவ்வளவும்?"

"அவவுக்கு அவரின்ர பேர் இனி மறக்காது," என்றாள். கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.