பிரேக் மாஸ்டரின் மூளைக் கோடுகள்

நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போதும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். டிரைவிங் ஸ்கூலில், ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து, இருபத்தாறு வருடமாக இரண்டாவது பிரேக்கை மிதித்த கால் அது. தெருவில் அவருக்குப் பெயரே பிரேக் மாஸ்டர்.

தொழில் தந்த சொத்து இடுப்பு வலி. வலிக்கு வயது பதினொன்று. "என் கடைக்குட்டி" என்பார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஸ்கேனிலும் இல்லை. மனைவி என்றைக்கோ தீர்ப்பு எழுதிவிட்டார்: "பரண்ல இருந்து பெட்டி இறக்கச் சொன்னா வலிக்கும். கிரிக்கெட் பாக்க மூணு மணி நேரம் உக்காந்தா வலிக்காது."

நாள்பட்ட வலிக்கு எட்டு வாரம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி தருகிறார்கள், அதற்கு முன்னும் பின்னும் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டதும் மாஸ்டர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். பயிற்சியில் நம்பிக்கை இல்லை. கண்ணெல்லாம் பதிவுத் தாள் மேல். "மூளையே சாட்சி சொல்லப்போகுது, பாத்துக்கோ" என்று வீட்டில் சவால் விட்டிருந்தார்.

முதல் நாள், தலையில் பசை தடவி, ஒயர்கள் முளைத்த தொப்பியை மாட்டினார்கள். "சும்மா இருங்க சார், அது போதும்" என்றாள் பதிவெடுக்கும் பெண். இரண்டே நிமிடத்தில் திரையில் கோடுகள் தாறுமாறாகக் குதித்தன.

"சார், கால்."

"குறுக்க யாரோ வந்த மாதிரி இருந்துச்சும்மா."

நாலாவது தடவை, இடது காலால் வலது காலை மிதித்துப் பிடித்துக்கொண்டார். கோடுகள் இன்னும் உயரமாகக் குதித்தன.

பயிற்சியிலும் அதே கூத்துதான். மூச்சைத் திருத்த வேண்டாம், அதன் போக்கில் விடுங்கள் என்றார்கள். மாஸ்டரோ வாய்க்குள்ளேயே, "மெதுவா... மெதுவா... இப்பத் திருப்பு" என்று அதற்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறாவது வாரம் ஒரு காலையில் வலி வந்தபோது, எதிர்த்து இறுகாமல் சும்மா இருந்து பார்த்தார். அது வந்தது, கொஞ்சம் நின்றது, தணிந்தது. வீட்டில் மூச்சுவிடவில்லை.

இரண்டாவது பதிவில் கோடுகள் ஒழுங்காக ஓடின. "முன்னைக்கு இப்ப எவ்வளவோ அமைதியா இருக்கு சார்."

சாட்சி கட்சி மாறிவிட்டதே என்று மாஸ்டர் திரைப்பக்கம் சாய்ந்தார். "வலி முழுசாப் போயிடலைம்மா. பாதி இருக்கு. இதுல எந்தக் கோடு வலி?"

"வலிக்குன்னு தனிக்கோடு கிடையாது சார். எவ்வளவு வலிக்குதுன்னு உங்களைக் கேட்டுத்தான் எழுதுவோம்."

"நான் சொன்னா நம்புவீங்களா?"

"நம்பாம? வலிக்கிறது உங்களுக்குத்தானே."

மாஸ்டர் கதவைப் பார்த்தபடி, "அதையே வெளிய கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் உரக்கச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி எழுந்தார். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார். தாளைக் கேட்கவில்லை. கணவரின் தலைமுடியில் அங்கங்கே அப்பியிருந்த பசையைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். உச்சந்தலை எட்டவில்லை.

மாஸ்டர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு எட்டும்வரை குனிந்து கொடுத்தார்.