மீனுக்கு சோடா கேஸ்

சோடா கேஸ், அதாவது கார்பன் டை ஆக்சைடு, அடைத்த சிலிண்டரை வாடகைக்கு விடுகிற தொழிலில், சிலிண்டரைத் தூக்குவதைவிடக் கஷ்டம், வருகிறவர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்வது. கடை வைத்துப் பாடுபடுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எந்தக் கேஸ்?

தொண்டியிலிருந்து ஜமால் பாய் போன் போட்டார். சவூதியில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, மீன் கேஸ் ஒன்னு" என்றார். எங்கள் கரையில் மீன் கேஸ் என்றால் மீன்பிடிக்கப் போன யாரையோ கடலில் இலங்கை நேவி பிடித்துக் கேஸ் போட்டுவிட்டது என்று அர்த்தம். "எத்தனை பேரு பாய்? எந்தப் போட்டு?" என்றேன்.

பிறகுதான் விஷயம் வந்தது. மகள் பாத்திமா புளியங்கொட்டை அளவில் வாங்கி வளர்த்த இரண்டு கோமாளி மீன், வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. கல்யாணமாகி மலேசியா போனவள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். அதுவரை மீன் சாகக் கூடாது. தொட்டிக்குள் கடல்பாசி செழித்தால் மீனுக்கு நல்லது, பாசிக்கு சோடா கேஸ் விட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீன் தொட்டிக்கென்றே விற்கிற சாமான் விலை கூட என்று என்னைத் தேடியிருக்கிறார். "யாரையும் பிடிக்கல அண்ணே. நீங்க சோடாவுக்கு விடுறத நான் பாசிக்கு விடப் போறேன், அம்புட்டுதான்."

சேராத மரை

கடைக்கு வந்தவர், வெல்டிங் பட்டறையில் வாங்கின பழைய ரெகுலேட்டரைப் பையிலிருந்து எடுத்தார். சிலிண்டர் வாயில் அதன் திருகு மரை சேரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, நூல் சுற்றி, ஸ்பானர் போட்டு முறுக்கப் பார்த்தார். "அது வேற கேஸுக்கு உள்ளது. சேராததச் சேக்கக் கூடாது, எண்ணெய் கிட்டவே வரக் கூடாது" என்று பிடுங்கி வைத்தேன். சோடாக்காரர்கள் போடுகிற ரெகுலேட்டரையே மாட்டிக் கொடுத்தேன். என்னோடு வேலை பார்க்கிற செல்லத்தாயி, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள்.

"சவூதியில இருவது வருசம் பைப்புதான் முடுக்குனேன்" என்றார் பாய். அவள் நிமிரவே இல்லை. "அங்கன பைப்பு ஒழுகியிருக்கும் பாய். இது ஒழுகாது, பறக்கும்."

சலாம்

மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டிரிப் செட் வாங்கி, அதில் குமிழியை எண்ணி மெதுவாக விடச் சொன்னேன். உப்புத் தண்ணீர் திரும்பி ஏறி ரெகுலேட்டரைத் தின்றுவிடாமல் இருக்க, நடுவில் ஒருவழி வால்வும் கொடுத்தேன். அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு அவர் வீட்டம்மா நூர்ஜஹான், "மீனுக்கு என்ன காச்சலு?" என்று கேட்டாராம்.

நாலாம் நாள் பாய் சந்தோஷமாகப் பேசினார். பாசி வளரக் காணோம் என்று கேஸைக் கூடத் திறந்துவிட்டாராம். மகளோடு வீடியோவில் பேசும்போது இரண்டு மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறதாம். மீனுக்கு ஆள் தெரியுமா என்று நானும் குழம்பித்தான் போனேன். பிறகு சுருக்கென்றது. "பாய், மூச்சு முட்டுது அதுக்கு. சிலிண்டர மூடுங்க, காத்து மோட்டாரப் போடுங்க." போனை வைக்காமலே ஓடினார். ரொம்ப நேரம் கழித்து, மீன் கீழே இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "அப்ப அது சலாம் சொல்லலையாண்ணே? பாத்திமா பதில் சலாம் சொல்லிட்டாளே."

எங்கன வச்சிருக்கீங்க?

மனசு கேட்காமல் மறுநாள் பஸ் ஏறினேன். தொட்டி இருந்தது ஏசி ரூமில். ஜன்னலெல்லாம் அடைப்பு. கட்டிலில் புது மெத்தை. பாத்திமா வந்து படுக்கப் போகிற ரூம். சிலிண்டர் எங்கே என்றேன். கட்டிலுக்கு அடியில் காட்டினார், படுக்கப் போட்டிருந்தார். "தூங்குற புள்ளைய எழுப்பாம கெடக்கும்ணே" என்றார். இந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது, கசிந்தால் தரையோடு தங்கி, மூடின ரூமில் தூங்குகிறவரை மூச்சு முட்ட வைத்துவிடும் என்றேன். பாய்க்கு விளங்கவில்லை. "சோடாவுல குடிக்கிறது தானேண்ணே?" என்றார்.

இரண்டு பேருமாகத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் வெளியே நிறுத்தி, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டினோம். மெல்லிய குழாய் மட்டும் உள்ளே போனது. நூர்ஜஹான் சிலிண்டரைத் திறந்து மூடுகிற ஸ்பானரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "மீனு மேல வந்து வாயத் தொறந்து சொல்லிருச்சு. புள்ளத்தாச்சி தூக்கத்துல எப்படிண்ணே சொல்லுவா? அவ படுக்கப் போகயில நாந்தான் மூடுவேன்."

எந்தக் கேஸ் வேணும் என்று கேட்டே இத்தனை வருசம் ஓட்டிவிட்டேன், எங்கன வைக்கப் போறீங்க என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.