ஒத்துக்கொள்ளாத தண்ணீர்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நான் தண்ணீர் தூக்கிப் போயிருக்கிறேன். பைக்கு ஐந்து லிட்டர், பெட்டிக்கு இரண்டு பை, மூன்று பெட்டி. பேருந்தில் ஏற்றியபோது நடத்துநர் கேட்டார்.

"என்னா சார், கல்லா?"

"தண்ணி."

"ஏன், செதம்பரத்துல தண்ணி இல்லையா?"

நானும் சிரித்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு கசந்துவிட்டது.

என் தங்கையின் கணவர் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம், மழை தேங்கிய வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல். சிறுநீரகம் நின்றுவிட்டது, ஈரலும் தளர்ந்துவிட்டது. ஓர் இயந்திரம் பகலும் இரவும் மெதுமெதுவாக ரத்தத்தை வடிகட்டியது. கழிவோடு அது இழுத்துக்கொள்ளும் நீருக்கு ஈடாக வேறு நீர் உள்ளே போகவேண்டும். முதல் நாள் விட்ட நீரில் ரத்தத்தில் அமிலம் ஏறிப் புளித்தது. ரத்த அழுத்தம் விழுந்தது.

செவிலியர் தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: "இந்தத் தண்ணி ஒத்துக்கலக்கா. வேற மாத்தப் போறோம்."

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: ஊர் மாறிக் குடித்தது. அங்கே இல்லாத அந்த வேறு நீரைக் கடலூரில் வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை வாசலில் ஒரு கேனோடு நின்றாள். வீட்டு போர் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்தது.

"பொறந்ததுலேர்ந்து இதத்தான் குடிக்கிறாரு. இத ஏத்தச் சொல்லுண்ணே."

மருத்துவர் சின்னப் பெண். சிரிக்கவில்லை. பழைய பையையும் நான் கொண்டுவந்ததில் ஒன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"அக்கா, இது லாக்டேட். அரிசி மாதிரி. ஈரல்தான் இதச் சோறாக்கணும். அவரு ஈரல்ல இப்ப அடுப்பு எரியல, அரிசி அப்படியே தேங்குது. இது பைகார்பனேட். ஆக்குன சோறு."

"அப்ப இத மொதல்லயே போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். கைவசம் லாக்டேட்தான் இருந்துச்சு."

"இதப் போட்டா பொழச்சிடுவாரா?"

"அழுத்தம் விழாம நிக்கும். புளிப்பு எறங்கும். உசுருன்னு வந்தா, ரெண்டுல எது நல்லதுன்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லலக்கா."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். சொல்லாததற்காக அன்று வெறுத்தேன்.

பையின் நடுத்தடுப்பை அமுக்கி உடைத்து, இரண்டு அறை நீரையும் கலந்து மாட்டினார்கள். சாயங்காலம் அழுத்தம் விழாமல் நின்றது. மறுநாள் கண் திறந்தார். "என்னா மச்சான், இப்புடி எளைச்சிட்ட?" என்றார் என்னிடம். படுத்துக்கிடப்பவர் கேட்கிற கேள்வியா அது? பிறகு தங்கையோடு அரைமணி பேசினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. எந்த நீராலும் தடுக்க முடியாதது. போய்விட்டார்.

"மொத நாளே அது வந்திருந்தா?" தங்கை இப்போதும் கேட்கிறாள். தெரியாது என்கிறேன். தலையசைக்கிறாள். பிறகு, அந்த அரைமணியில் அவர் சொன்னதிலிருந்து ஒரு வாக்கியம் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் வேறொரு வாக்கியம்.