உச்சிவெயிலில் ஓர் ஆள்காட்டி

பொறாமைப்பட உலகத்தில் ஆளா இல்லை? நான் போயும் போயும் என் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதுவும் அவள் எடுத்த ஒரே ஒரு போட்டோவுக்காக.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிக் காலி மனைகள்தான் அதிகம். பக்கத்து மனைக்காரர் ஜல்லி கொட்டியதோடு சரி, வீடு கட்டவே இல்லை. ஒரு மே மாதம் அந்த ஜல்லியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டது. எறும்பு ஊர்ந்தால்கூட ஊரைக் கூட்டிக் கத்துகிற பறவை. எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஸ்கூட்டரில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேற்றில் நிற்க வேண்டியதில்லை. மொட்டை மாடிச் சுவரில் லென்ஸை வைத்தால் போதும்.

தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு போட்டோ கிளப் இருந்தது. வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. வந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். என் படம் அந்தச் சுவரில் ஏறியதே இல்லை. 'நல்ல முயற்சி சார்' என்று தோளில் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தடவை எப்படியும் ஏறிவிட வேண்டும் என்று இருந்தேன். காலை எட்டு மணிக்கு மேல் பறவைப் பக்கம் கேமராவைத் திருப்பாதே என்பது கிளப்பில் வேதவாக்கு. வெயில் ஏறினால் வெள்ளை வெளிறிப்போகும், நிழல் கரியாகிவிடும். அதனால் விடியலில் எழுந்து, அது முட்டைமேல் உட்கார்ந்திருப்பதை எடுத்தேன். மறுநாளும் அது உட்கார்ந்திருப்பதையே எடுத்தேன். பிறகு ஆபீஸுக்குப் போனேன்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். கோடை விடுமுறை. வடாம் காயப்போட்டுவிட்டு, காக்காய் ஓட்டக் குடையோடு மாடியில் இருப்பாள். "மத்தியானத்துல அது உக்காரலைங்க, நிக்குது" என்று என்னிடம் சொல்லிப் பார்த்தாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த நாள் அவளே கேமராவை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டாள். ஒரே ஒரு படம்தான் எடுத்தாளாம். எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் நான் சொல்லிக்கொடுத்தபடிதானாம்: கேமராவுக்குள் தெரிகிற, வெளிச்சத்தை அளக்கும் முள் நடுவில் வந்ததும் அமுக்கிவிடுவது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பளீரென்ற ஜல்லியைக் கண்டால் அந்த முள் ஏமாந்துவிடும். நிழல் பூராவும் கறுத்துத் தொலையும் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபிலிமைக் கழுவிக் காயப்போட்டேன். என்னுடையது எல்லாமே உட்கார்ந்த குருவி. அவளுடையதில் அது கால்களை விறைத்து, சிறகுகளைச் சற்றே விரித்துத் தாழ்த்தி, அலகு திறந்து இளைத்தபடி முட்டைகளுக்கு மேலே நின்றது. வயிறு நனைந்திருந்தது. தெருமுனை அடிபம்பில் தேங்கிய தண்ணீரில் நனைத்துக்கொண்டு வருமாம். அதையும் அவள்தான் பார்த்திருக்கிறாள்.

வயிறு எரிந்தது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மனசைத் தேற்றினேன். தேறவில்லை. நானும் உச்சிவெயிலில் எடுக்கிறேன் என்று செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். திங்களன்றே பொரித்துவிட்டது; பொரித்த கையோடு குஞ்சுகள் தாயின் பின்னால் நடந்து போய்விட்டன. நான் மாடியேறியபோது வெறும் ஜல்லிதான் கிடந்தது. ஆள்காட்டி என் லீவுக்கா காத்திருக்கும்?

உறுப்பினர் வீட்டார் படமும் கண்காட்சிக்கு வரலாம் என்று கிளப்பில் ஒரு விதி இருந்தது. தன் படத்தையும் அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்டாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பட்டப்பகலில் குளியலறை ஜன்னலைக் கம்பளியால் மூடி, சிவப்பு விளக்கைப் போட்டு, வியர்வை சொட்டச் சொட்ட உள்ளே நின்றேன். எடுத்தது அவளாக இருக்கட்டும், படமாக்குவது நான் என்று காட்டிவிடும் வெறி. கம்பி நுனியில் ஒட்டிய அட்டை வட்டத்தைப் பிரிண்ட் காகிதத்துக்கு மேல் ஆட்டி, குருவியின் அடியில் விழும் வெளிச்சத்தை மறைத்தேன். வெளிச்சம் குறைவாகப் படுகிற இடம் காகிதத்தில் வெளுக்கும்; கரியாக இருந்த நிழல் சாம்பல் நிறத்துக்கு இறங்கியது. நாலு முட்டையும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அத்தனை சுத்தமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை. பெருமையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "நிழலை ஏங்க எடுத்துட்டீங்க?"

முட்டை தெரிய வேண்டாமா என்றேன்.

"நிழல் விழணும்னுதானே அந்த வெயில்ல அது நிக்குது."

கதவைச் சாத்திக்கொண்டு, கம்பியைத் தொடாமல் படத்தை இன்னொரு தடவை போட்டேன். சுற்றிலும் வெயில் கொளுத்த, நடுவில் குருவி அளவுக்கு ஒரு கறுப்பு. அதற்குள் முட்டைகள் இருக்கின்றன என்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதுதான் படம். எனக்கே தெரிந்தது, அதுதான் தாங்கவில்லை.

என் படங்கள் திரும்பி வந்தன. அவளுடையதைச் சுவரின் நடுவில் மாட்டினார்கள். கண்காட்சிக்கு வந்தவர்கள் கிளப்காரன் நான்தான் எடுத்தேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொருவரிடமும் என் மனைவி எடுத்தது என்று விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சொன்னேன். அந்த நிழலுக்கு என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

அவளையும் கிளப்பில் சேரச் சொன்னார்கள். வீடு திரும்பியதும் சொன்னேன். காலையில் பள்ளிக்கரணைக்கு வருகிறாயா என்றும் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். வரமாட்டேன் என்று சொல்ல வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"எனக்கு எதுக்குங்க? பாத்தேன், எடுத்தேன். போதும்" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

மறுநாள் விடியலில் அலாரம் அடித்தது. எழுந்து லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தேன். அவள் ஒருக்களித்துப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை, அந்தப் படத்தைப் பார்த்துக்கூட வந்ததில்லை.