நாலு நூல்

எங்கள் ஓட்டோவைப் பற்றி நான் பேச வாயெடுத்தால் மனைவி எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். அத்தனை தடவை கேட்டிருக்கிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சு உண்மையிலேயே பொன் என்பதுதான் என் கட்சி. கண்டக்குழி மணலில் ஆள் தள்ளாமல் ஓடிய முதல் ஓட்டோ அதுதான். மறுக்கிறவர்கள் நேரில் வந்து என்னோடு கதைக்கலாம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்தால் எங்கள் வள்ளங்கள் கரையேறிவிடும். அவர்கள் அந்தக் காற்றுக்காகவே விமானம் ஏறி வந்தார்கள். பெரிய பட்டத்தை மேலே ஏற்றி, காலில் பலகையை மாட்டிக்கொண்டு தண்ணீரின் மேல் பாய்வார்கள். அவர்களுக்கென்று கரையோரம் விடுதிகள் முளைத்தன. தார் ரோட்டிலிருந்து விடுதி வாசல் வரைக்கும் பாதை முழுக்க மணல். ஓட்டோ போனால் பாதி வழியில் புதையும், காசு கொடுத்து வந்தவர்களே இறங்கித் தள்ளுவார்கள். அவர்களுடைய ஆள் நீளப் பைகளை வைக்கவும் ஓட்டோவில் இடம் கிடையாது.

நான் அப்போதுதான் கட்டாரிலிருந்து திரும்பியிருந்தேன். ஆறு வருடம் லொறி ஓட்டிச் சேர்த்ததில் ஒரு பழைய ஓட்டோ வாங்கினேன். ஹயர் ஓடிக் கிடைத்த வாடகை போதவில்லை. ஏஜென்சிக்காரன் இன்னொரு விசாவைக் கையில் வைத்துக்கொண்டு மாத முடிவுக்குள் பதில் கேட்டான். பாஸ்போர்ட் அலுமாரியின் மேல்தட்டில் எடுத்துப்போகத் தயாராகக் கிடந்தது. உடுப்பு எடுக்கும்போதெல்லாம் மனைவி அதைப் பார்க்காதவள் போலப் பார்ப்பாள். எனக்குப் போக விருப்பமே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல ரோசம் விடவில்லை.

விடுதி முதலாளி சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், தமிழும் ஓரளவு கதைப்பார். சீசன் முழுவதும் ஓட ஒரு ஜீப்பைப் பேசப்போவதாக ஓட்டோத் தரிப்பிடத்தில் வந்து சொன்னார். "இந்த மணலுக்கு த்ரீவீல் சரிவராது" என்றார்.

"சரிவரும் மாத்தையா. எனக்குப் பத்து நாள் தாங்க. சரிவந்தா சீசன் ஹயர் எனக்கு" என்றேன்.

"பலமு" என்றார். சிங்களத்தில் பார்ப்போம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனமில்லாதவர்கள் சொல்கிற சொல். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் போனதும் தரிப்பிடத்தில் ஒருவன், "அகதி மாப்பிள்ளைட ஆசையப் பாருங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து விரட்டப்பட்டு, புத்தளத்துத் தில்லையடி அகதி முகாமில் வளர்ந்து, கண்டக்குழியில் கலியாணம் முடித்து எங்கள் வழக்கப்படி பெண்வீட்டில் வந்து இருப்பவன் நான். இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த ஊரில் என் பெயர் அதுதான். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

அடுத்த நாளே ஓட்டோவைப் பிரித்துப் போட்டேன். இரண்டு பின்சில்லுகளின் ரிம்மையும் நடுவில் வெட்டி, அகலம் சேர்த்து ஒட்டுவதற்குப் புத்தளம் லேத் கடைக்குக் கொண்டுபோனேன். "ஓட்டோ செய்யிறீங்களா, ட்ரெக்டர் செய்யிறீங்களா?" என்று கேட்டார் லேத்காரர். ஒரு குட்டிக் காரின் பழைய டயர்களை அவற்றில் ஏற்றி, காற்றைப் பாதியாகக் குறைத்தேன். மணலில் காற்றுக் குறைந்த டயர் ஒட்டகக் கால் மாதிரிப் பரந்து நிற்கும். இது கட்டாரில் படித்த பாடம், அங்கே போனதில் மிஞ்சிய ஒரே லாபம் என்றும் சொல்லலாம். அகல டயருக்குக் கடை மட்கார்ட் கொள்ளாது. கைவிட்ட இறால் பண்ணை ஒன்றில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைக் கேட்டு வாங்கி, நெடுக்காக அறுத்து வளைத்தேன். என்ஜினுக்கு அடியில் தகரம் அடித்தேன். கிளச் பிளேட்டும் கனத்த ஸ்ப்ரிங்கும் இரண்டு வெளிச்ச லைட்டும் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் வாங்கியவை. மற்றதெல்லாம் என் கை வேலை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வேறு யாரும் சொல்லவில்லை.

பைகளை ஏற்றக் கூரைக்கு மேல் இரும்புப் பைப்பில் ஒரு தட்டு ஒட்டினேன். பலகை சிராய்க்காமலிருக்க வலை மிதப்புகளைப் பைப்பில் கோத்துவிட்டேன். அந்தத் தட்டின் கால்கள் பக்கவாட்டில் இறங்கியதால் மேலே போர்த்தக் கடையில் விற்கும் ஹூட் எதுவும் பொருந்தவில்லை. புதிதாகத்தான் தைக்க வேண்டும்.

மனைவி வீட்டில் சட்டை தைப்பவள். ரெக்சின் வாங்கி வந்து, அளந்து, சோக்கட்டியால் கோடு போட்டு அவளிடம் கொடுத்தேன். "ஓரம் முழுக்க நாலு நூல் வெச்சு அடிச்சிடு புள்ள" என்றேன்.

இரும்பு வேலை செய்கிறவர்களுக்கு ஓர் அங்குலத்தில் எட்டு நூல். நாலு நூல் என்றால் அரை அங்குலம். அரை அங்குலம் மடித்து ஒரு தையல், அவ்வளவுதான் நான் கேட்டது. எனக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிய கணக்கு. தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பவளுக்கு நூல் என்றால் என்ன என்று நான் யோசிக்கவேயில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். ஓரம் முழுவதும் இரண்டு அங்குலத்துக்கு மடித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நாலு வரிசை தைத்து வைத்திருந்தாள். கனத்த ரெக்சினைத் தள்ளித் தள்ளி இரண்டு ஊசி முறிந்திருந்தது. ஹூட்டை மேலே போட்டால் கீழே கொக்கிக்கு ஒன்றரை அங்குலம் எட்டவில்லை.

நான் ஏசினேன். நல்ல ஏச்சு. இங்கே எழுதக்கூடியது இல்லை.

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "நாலு நூல் எண்டுதானே சொன்னீங்க. நாலு நூல் அடிச்சிரிக்கன். எண்ணிப் பாருங்க" என்றாள்.

சொன்ன தவணையில் மிச்சம் மூன்று நாள். வேறு ரெக்சின் வாங்கக் கையில் எதுவும் இல்லை. அந்தத் தடித்த ஓரத்தில் ஓட்டை போட்டு, வளையம் அடித்து, வள்ளம் கட்டும் நைலோன் கயிற்றைக் கோத்துக் கீழ்ப் பைப்போடு இழுத்துக் கட்டினேன். கருவாட்டு மூட்டை மாதிரி இருந்தது. தரிப்பிடத்துக்குக் கொண்டுபோனபோது, "ஓட்டோவுக்குச் சுன்னத்துக் கலியாணமா? நல்லா உடுத்தி விட்டிரிக்கீங்க" என்றார்கள்.

பத்தாம் நாள் சோளகம் கண்டபடி அடித்தது. முதலாளி இரண்டு வெள்ளைக்காரரையும் மூன்று நீளப் பைகளையும் தார் ரோட்டில் காட்டிவிட்டு, விடுதி வாசலில் போய் நின்றுகொண்டார். எனக்கு முன்னால் தரிப்பிடத்து ஓட்டோ ஒன்று மிச்சச் சாமான்களோடு போனது. அகதி மாப்பிள்ளை என்றவனுடைய ஓட்டோ. பனைகள் முடிந்து வெளியான இடத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. அவனுடைய புத்தம் புது ஹூட் ஓரத் தையலோடு கிழிந்து, எழுந்து, எனக்கு மேலாகப் பறந்து வேலியில் போய் மாட்டியது. அவன் சில்லும் அதே இடத்தில் புதைந்தது.

என் ஹூட் ஊதிப் புடைத்தது. கயிறு முறுகுகிற சத்தம் காதில் கேட்டது. போகப்போகிறது, பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். தையல் ஒரு வரிசையாக இருந்திருந்தால் அந்த இழுவைக்கு வளையம் ஓரத்தை அறுத்துக்கொண்டு வந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு, ஒரு தடவைகூட நிற்காமல் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த நிமிடத்தில் என்னைவிடப் பெரிய மனிதன் புத்தளம் மாவட்டத்தில் இல்லை.

முதலாளி ஓட்டோவைச் சுற்றி வந்து ஹூட் ஓரத்தை விரலால் தடவினார். "நாலு லைன். இது நல்ல மூளை. யார்ட யோசனை?"

"என்ட யோசனைதான் மாத்தையா" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

சீசன் ஹயர் எனக்கே என்றார். வீட்டில் போய்ச் சொன்னதும் மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்று பாஸ்போர்ட்டை எடுத்து, அலுமாரியின் அடித்தட்டில் போர்வைகளுக்குக் கீழே வைத்தாள். ஹூட் ஓரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சந்தோசத்தில் அது மட்டும் முள்ளாகக் குத்தியது.

ஒரு கிழமை கழித்து முதலாளி வீட்டுக்கே வந்தார். விடுதியில் நிழலுக்குக் கட்டிய கூடாரத் துணிகள் காற்றில் கிழிந்துவிட்டனவாம். ஹூட் பறந்தவனும் கிழிந்த ஹூட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்திருந்தான். "உங்க யோசனை மாதிரியே நாலு லைன் போட்டுத் தாங்க" என்றார் முதலாளி என்னிடம்.

மனைவி கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"அது என்ட யோசனை இல்ல மாத்தையா" என்றேன். "நான் கேட்டது ஒரு தையல். இவதான் நாலு அடிச்சா. அதுக்கு நான் இவவ ஏசினன். பிறகு உங்கள்ட்டப் பொய் சொன்னன்." ஹூட் பறந்தவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

முதலாளி சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பித் துணியை நீட்டினார். நான் பழக்க தோசத்தில், "ஓரத்துக்கு ஆறு நூல் வெச்சாப் போதும் புள்ள" என்றேன்.

அவள் துணியை வாங்கிக்கொண்டு அமைதியாகக் கேட்டாள், "ஒங்கட நூலா, எண்ட நூலா?"

"ஒண்ட நூல்தான்" என்றேன்.

இப்போது தரிப்பிடத்தில் நிற்கும் ஓட்டோக்களில் பாதிக்கு மேல் அவள் தைத்த ஹூட். என்னை அகதி மாப்பிள்ளை என்று அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. நாலு நூல்காரிட மாப்பிள்ளை என்கிறார்கள். கூப்பிட்டால் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்க்கிறேன்.