அவர் முகத்தைத் திருப்பினேன்

தன் உயிரைக் காத்தவன் என்று என்னைச் சொல்லும் ஒரு மனிதர் மருதமுனையில் இருக்கிறார். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயம்.

தொண்ணூறுகளில் ஒரு நோன்பு மாதம். அயல்வீட்டுக் கபூர் காக்கா தேங்காய் பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்தார். முதலில் ஓடிப்போனது நான்தான். மல்லாந்து கிடந்தவர், "கழுத்து நோகுது தம்பி" என்றார். அவருடைய கால் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவரைத் தூக்கி இருத்தி, தண்ணீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனேன்.

"வேணாம், நோன்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த நிலைமையில குடிச்சா குத்தமில்ல காக்கா" என்று தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். உள்ளே எதுவோ நறுக்கென்றது. என் கைக்கு அது தெரிந்தது. அவருடைய கால் விரல்கள் நின்றுவிட்டன.

கல்முனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தெலும்பு உடைந்து விலகியிருந்தது. தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் பை வைத்துக்கொண்டே டொக்டர் கேட்டார்.

"விழுந்த உடனே கால் அசைஞ்சதா? ஆரும் கழுத்தைத் திருப்பினீங்களா?"

"இல்ல சேர்" என்றேன். இரண்டுக்கும் அதே பதில்தான்.

காக்கா பிழைத்தார். கை கால்கள் மட்டும் திரும்பி வரவில்லை. "இவன் ஓடி வராட்டி நான் அண்டைக்கே மௌத்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நோன்பு திறக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கரண்டியால் தண்ணீர் பருக்குவேன்.

இப்போது அவர் முகத்தைத் திருப்புவதில்லை. என்னையே பார்த்தபடி குடிக்கிறார்.